பதின்மூன்றாவது படிவம்

நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள்.
வந்த விடையிலிருந்து மறுபடி ஏழு.
கரையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.
முட்டம் துறைமுகத்துச் சிமெண்ட் மேடையில் நின்று
நர்சிங் மாணவி ஜெபிஷா
முப்பத்தெட்டு நொடியில் இரண்டுக்கு வந்துவிட்டாள்.
குறித்துக்கொண்டேன்.

படகு போய், இன்ஜின் அணைந்து,
அலைக்குக் குறுக்கே அரை மணி கிடந்த பிறகு
அதே ஜெபிஷா எழுபத்தொன்பதில் நின்றாள்.
"அதுக்குக் கீழ எண்ணே இல்ல மேடம்."
அதையும் குறித்துக்கொண்டேன்.

இந்தப் பலகை அசையவில்லை என்கிறது கண்.
பொய் என்கிறது காதுக்குள் இருக்கும் நீர்.
சாட்சிகள் முரண்பட்டால்
தீர்ப்பை வயிறு எழுதும்.
நிதி கேட்ட விண்ணப்பத்தில் இப்படித்தான் எழுத நினைத்தேன்.
எழுதியது வேறு. நிதி வந்தது.

என் ஆய்வு வாந்தியைப் பற்றியது அல்ல.
அதற்குச் சற்று முன்னால்
பெயரில்லாத ஒரு நேரம் இருக்கிறது.
கொட்டாவி வரும், மேலுதடு வேர்க்கும்,
வாயில் உப்பில்லாத நீர் ஊறும்,
யார் என்ன கேட்டாலும்
கேட்பது நின்றால் போதும் என்றிருக்கும்.
அதை அளக்கத்தான்
பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு பிளாஸ்டிக் வாளிகளையும்
கூட்டிப் போனேன்.

படகுக்காரர் பெர்க்மான்ஸ் தானும் சோதனைக்கு வருவதாகச் சொன்னார்.
கரையில் ஐம்பத்தொன்றில் தவறினார்.
கடலிலும் அதே ஐம்பத்தொன்று.
"இது அஞ்சாங்கிளாசுல விட்ட கணக்கு" என்றார்,
கோயில் கோபுரத்தையும் வேளிமலையையும்
கண்ணால் ஒரே கோட்டில் நிறுத்தி
அடியில் கிடக்கும் பாரைக் கணியம் பிடித்தபடி.
உங்களுக்குத் தலை சுற்றாதா?
"கடல்ல சுத்தாது.
மார்த்தாண்டம் பஸ்ஸுல ஏறினா தீந்தேன்."

ஏழாம் நாள் கச்சான் காற்று.
என் போனில் இரண்டு கோடு சிக்னல்.
தம்பி லிபின்.
"அக்கா, ஆளு பக்கத்துலதான் இருக்கான்.
அந்த ஏழு சென்ட், அயினி நிக்கிற துண்டு,
குடுத்துரலாமா?"
டீசல் மணம். என் செருப்பில் ஒரு சாளைச் செதில்,
அது மட்டும்தான் உலகத்தில் அசையாமல் இருந்தது.
சரி.
"அவன் சொன்ன வெலைக்கே?"
சரி.
"பின்ன என்னைக் கொற சொல்லப்பிடாது."
சரி சரி.
போனை வைத்தேனா விட்டேனா தெரியாது,
படகு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
பெர்க்மான்ஸ் ஒரு வாளிக் கடலை
என் காலடியில் கவிழ்த்தார்.

இரவு எண்களைக் கூட்டினேன்.
"உதவித்தொகையில் பாதியைத் தோழிக்குத் தருவீர்களா?"
கரையில் பத்துக்கு மூவர் தருவார்கள், படகில் எட்டுப் பேர்.
நல்ல முடிவு. கட்டுரைக்குப் போதும்.
என்னைக் குழப்பியது வேறொன்று:
கரையேறி ஒரு மணி நேரம் கழித்து
மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது
அநேகமாக யாரும் மாற்றவில்லை.
காரணம் சொன்னார்கள், நல்ல காரணங்கள்.
"அவளுக்கு அப்பா இல்ல மேடம், குடுக்கத்தான வேணும்"
என்றாள் ஜெபிஷா.
படகில் அவள் தோழியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பதின்மூன்றாவது படிவத்தை எடுத்து
என் பெயரை எழுதினேன்.
கேள்வி ஒன்பது: மாற்றிக்கொள்கிறீர்களா?
அயினி எப்படியும் சாயப் போகிற மரம்.
வரி கட்ட யார் அலைவது.
லிபினுக்கும் பணமுடை.
எழுதிக்கொண்டே போனேன், கட்டம் தாண்டி, பக்கம் தாண்டி.
மேசை இன்னும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கரைக்கு வந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

விடியுமுன் குறுஞ்செய்தி.
"குலசேகரம் பத்திர ஆபீஸ், பத்து மணி டோக்கன்.
நீ வந்து ஒப்பு போட்டா போதும்.
ரோடெல்லாம் வளைவு,
முன் சீட்டுல இருக்கணும் கேட்டியா.
நாரங்கா எடுக்க மறக்காத."